மூன்று சென்ட் கொல்லை

எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டின் வாசல் எப்படி இருக்கும் என்று பதினைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. கொல்லையைத்தான் தெரியும். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் தெருப் பக்கம் போகக் கூடாது. வாய்க்கால் கரையோடு சுற்றிப் போய், மூங்கில் படலைத் தள்ளிக்கொண்டு, கொல்லை வழியாகத்தான் நுழைய வேண்டும். அம்மா மாட்டுக்கொட்டகை கூட்டப் போவாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஊர், மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சின்ன கிராமம். காலம், 1960களின் நடுப்பகுதி.

அந்த வீட்டுக் கூடத்தில் எத்தனை தூண் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொல்லையில் எது எங்கே நின்றது என்று கேட்டால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அடுக்களைக் கதவைத் தாண்டியதும் பாத்திரம் துலக்கும் இடம். அதை ஒட்டிக் கறிவேப்பிலை, பக்கத்தில் சேம்பு. நாலு அடி தள்ளிக் கிணறு, துவைகல். துவைகல்லில் இருந்து இறங்கும் ஓடையின் இரண்டு பக்கமும் வாழை, பூவனும் மொந்தனும். அதற்குப் பின்னால் மூங்கில் பந்தல். ஒரு பாதியில் அவரை, மறு பாதியில் புடலும் பீர்க்கும். பந்தலைத் தாண்டினால் மாட்டுக்கொட்டகை, எருக்குழி. எருக்குழிக் கரையில் பூசணியும் பரங்கியும் தன் போக்கில் படர்ந்து கிடக்கும். வேலியில் பிரண்டை, தூதுவளை, கோவை. ஒரு வரிசை அகத்தி. கடைசி மூலையில், வீட்டுச் சுவரில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, முருங்கை. மழைக் காலத்தில் அதில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், அதனால்தான் அந்தத் தூரம். பந்தம் கொளுத்திக் காட்டி அதைப் பொசுக்குவது என் அப்பா.

புடலங்காய்க்குக் கல் கட்டுவது என் வேலை. பிஞ்சு ஒரு முழம் நீண்டதும் வாழைநாரில் சின்னக் கல்லாகப் பார்த்துக் கட்டி, அதன் நுனியில் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும். கல் கனமாக இருந்தால் பிஞ்சே அறுந்து விழும். எது சரியான கல் என்று கைக்குத் தெரியவேண்டும். எனக்குத் தெரியும் என்று பண்ணை வீட்டு ஆச்சி சொல்வார்கள். அவர்கள் என்னைப் பாராட்டியது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்த இடத்தை யாரும் தோட்டம் என்று சொன்னதில்லை. தோட்டம் என்றால் கவலை இறைக்க ஆள் வேண்டும், பாத்தி கட்ட ஆள் வேண்டும். கொல்லைக்கு அப்படித் தனியாக ஓர் ஆள் கிடையாது. வீடு நடக்கிற நடையில் அதுவும் நடந்துகொண்டிருந்தது. குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. பத்துப்பாத்திரம் துலக்கிய தண்ணீர் சேம்புக்கும் கறிவேப்பிலைக்கும் போனது. துலக்கியது அடுப்புச் சாம்பலால், ஆகவே சாம்பலும் கூடவே போனது. அரிசி களைந்த கழனித் தண்ணீர் மாட்டுக்கு. மாட்டின் சாணம் எருக்குழிக்கு. எருக்குழியின் சாரம் பூசணிக்கு. அவரையில் பேன் பிடித்தால் விடியற்காலைப் பனி ஈரத்தோடு மீதிச் சாம்பலைத் தூவுவார்கள். புளித்துப்போன மோரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவார்கள். கொல்லைக்கென்று காசு கொடுத்து எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

அம்மா சொல்லுவாள்: “ஒரு வீட்டுக் கொல்ல பச்சையா இருக்கா, காஞ்சு கெடக்கான்னு பாத்தா, அந்த வீட்டுல எத்தன பேரு குளிக்கிறாங்கன்னு சொல்லிப்புடலாம் புள்ள.” இந்தப் பேச்சின் முழு அர்த்தம் எனக்கு விளங்க நாற்பது வருஷம் ஆயிற்று.

விதை விஷயமும் அப்படித்தான். பந்தலில் முதலில் திரண்டு வரும் நல்ல காயில் ஒரு கந்தைத் துணியைக் கட்டிவிடுவார்கள். அது விதைக்கு. யாரும் தொடக் கூடாது. பீர்க்கை முற்றிக் கூடாகிக் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். சுரை, பூசணி விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துச் சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிடுவார்கள். புகை படுவதால் பூச்சி அண்டாது. மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது ஆடி பிறந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எங்கள் ஊரில் வயலுக்குச் சொன்னதைவிடக் கொல்லைக்குச் சொன்னதுதான் அதிகம். ஆடியில் ஊன்றிய அவரை தையில் காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் பரங்கியும் வள்ளிக்கிழங்கும் ஒன்றாக வேகும்.

1982-ல் சத்துணவு அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகு, எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழய்யாவிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பேன். மதிய இடைவேளையில் அவர் திண்ணையில் உட்கார்ந்து, நான் கீரை ஆய்வதைப் பார்த்தபடி ஏதாவது சொல்லுவார். கொல்லைக்குப் பழைய பெயர் படப்பை என்று சொன்னது அவர்தான். சங்கப் பாட்டில் வரும் சொல். சோழர் காலத்துச் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது என்னென்ன சேர்த்துக் கொடுக்கிறோம் என்று வரிசையாக எழுதுவார்களாம். அந்த வரிசையில் மனையும், மனையைச் சேர்ந்த படப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மனை என்றால் அதன் பின்கட்டையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். “படப்பை இல்லாட்டி அது மனையே இல்லம்மா” என்பார் அவர். மனை இல்லாதவங்களுக்கு என்னங்கய்யா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறுமைக் காட்சி இருப்பதையும் அவர்தான் சொன்னார். பசியோடு இருக்கும் கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுகிறவர்கள் வீட்டுப் பெண், குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, ஊரார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிணைமகளை எனக்கு நேரிலேயே தெரியும். அவள் என் அப்பாயி.

கொல்லையில் நின்ற காய்களிலும் சரித்திரம் இருந்தது. அதை நான் படித்த இடம் ஆச்சி வீட்டு மாமனார் திதி. திதிக்கு முதல் நாள் காய் பறிக்க அம்மாவைக் கூப்பிடுவார்கள். வாழைக்காய், அவரை, புடல், பாகல், சேப்பங்கிழங்கு, பிரண்டை, கறிவேப்பிலை. காரத்துக்கு மிளகு. பச்சை மிளகாய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, கோஸ் கூடாது. ஏன் கூடாது என்று நான் கேட்டபோது, “அதெல்லாம் முன்னோர் சாப்பிட்டதில்லடி” என்றார்கள் ஆச்சி.

அந்தப் பதில் நிஜம். வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498-ல். அதற்குப் பின்னால்தான் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் போர்ச்சுகீசியர் கப்பலில் ஒவ்வொன்றாக நம் கரைக்கு வந்தன. மிளகாயைப் பார்த்த நம் ஆட்கள், மிளகு மாதிரி காரமாக ஒரு காய் என்று பெயர் வைத்தார்கள். பரங்கியர் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். தக்காளி என்ற பெயர் முன்பே நம்மிடம் இருந்தது. அது மணத்தக்காளி வகைச் சின்னப் பழச் செடிகளுக்கான பெயர். பெரிய சிவப்புப் பழம் வந்ததும் அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்துபோய், வந்தவனுக்கே தக்காளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. உருளைக்கிழங்கும் கோஸும் நம் பக்கம் பரவியது இன்னும் பிந்தி. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் பயிரிட்டுப் பார்த்த பிறகு, அவை மலையில் இருந்து இறங்கி வந்தன. எங்கள் கடைத்தெருவில் காரட், பீட்ரூட், கோஸுக்கு இன்றைக்கும் இங்கிலீஷ் காய் என்றுதான் பெயர்.

திதிச் சமையல் அப்பழுக்கில்லாத சரித்திரப் புத்தகம் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த கத்தரியையும் முருங்கையையும் பல வீடுகளில் திதிக்குச் சேர்ப்பதில்லை. கடல் தாண்டி வந்த சர்க்கரைவள்ளியைச் சில வீடுகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கொல்லை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், திதியன்று ஒரு வீட்டு இலையைப் பார்த்தால் போதும். முக்கால்வாசி அதில் இருக்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் குடிசை பண்ணையாரின் நிலத்தில் இருந்தது. கீற்றுக் கூரை, மண் சுவர். முன்னால் ஆறடி, பின்னால் நாலடி. அந்த நாலடியில் அப்பாயி ஒரு கத்தரிச்செடிகூட வைத்ததில்லை. சோம்பேறித்தனம் இல்லை. விடிவதற்கு முன் நாற்று பறிக்கப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவளுக்கு ஒரு கத்தரிச்செடி பெரிய வேலையா? காரணம் வேறு. இருக்கிற இடம் நமக்குச் சொந்தமில்லை. பண்ணைக்கு மனஸ்தாபம் வந்தால் நாளைக்கே பிரித்துக்கொண்டு போகச் சொல்லுவார்கள். மரம் வைத்தால், இடத்துக்குப் பாத்தியதை கொண்டாடுகிறான் என்று பேச்சு வரும். “போற வழியில நிக்கிறவ என்னத்த நட்டு என்னத்த பறிக்கிறது?” என்பாள் அப்பாயி. கூரையில் ஒரு சுரைக்கொடி மட்டும் ஏறியிருக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னாலும் நஷ்டமில்லை.

யுத்தக் காலத்தை அப்பாயி பார்த்திருக்கிறாள். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி வரத்து நின்றுவிட்டது. அந்த வருஷமே சர்க்கார் அதிக உணவு உற்பத்தி இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்தது. தரிசை எல்லாம் உழுங்கள் என்று சொன்னார்கள். 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொல்லி, டெல்லியில் தன் வீட்டுப் புல்தரையையே உழுது பயிர் வைத்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் உழச் சொன்னவர்கள் யாரும், உழுவதற்கு இடம் இருக்கிறதா என்று அப்பாயியிடம் கேட்கவில்லை.

அப்படியானால் நாங்கள் என்ன சாப்பிட்டோம்? வயலைச் சாப்பிட்டோம். களை பறிக்கப் போகிற பெண்கள் மடியில் கீரையோடு திரும்புவார்கள். சேற்றில் நாலு இலையோடு நிற்கும் ஆரைக்கீரை, வரப்பில் பொன்னாங்கண்ணி, வாய்க்கால் ஓரம் வல்லாரை, மேட்டில் பண்ணைக்கீரை, குமுட்டி. அப்பா நண்டு பிடித்துவருவார், நத்தை பொறுக்கிவருவார். கஞ்சிக்கு அதுதான் தொடுகறி. எங்களுக்குக் கொல்லை இல்லை, வயல்தான் கொல்லை.

அதுவும் நிலைக்கவில்லை. 1960-ல் மத்திய சர்க்கார் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஏ.டி.டி. 27 நெல் வந்தது, யூரியா வந்தது, எண்ட்ரின் வந்தது. விளைச்சல் கூடியது, அதை மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் மருந்து அடித்த வயலில் கீரை கிள்ளாதே என்று அம்மா என் கையைத் தட்டிவிட ஆரம்பித்ததும் அப்போதுதான். நண்டும் நத்தையும் குறைந்தன. நெல் மூட்டைகள் களத்துமேட்டில் உயர உயர, எங்கள் தட்டில் சோறும் புளிக்குழம்பும் மட்டும் மிஞ்சின.

வெறும் சோறு மனிதனை என்ன செய்யும் என்பதை ஏற்கெனவே குன்னூரில் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்கள். ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் 1918-ல் அங்கே ஒரே ஓர் அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு எலிக் கூட்டங்களைத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மெஷினில் தீட்டிய அரிசியை நம்பி, காயும் பாலும் சொற்பமாகத் தின்ற மதராஸ் எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், நம் ஊர்த் தானியம், கீரை, காய் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து 1937-ல் அட்டவணையாக வெளியிட்டார். அந்த நிறுவனம்தான் பிற்பாடு ஹைதராபாத் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

சத்துணவுப் பயிற்சியில் அந்த அட்டவணையை எங்களுக்குக் காட்டினார்கள். நூறு கிராம் பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் 440. அகத்தியில் 1130. நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆச்சி வீட்டு அகத்தி, ஏகாதசி விரதம் முடித்த துவாதசியன்று ஒரு பிடி இலைக்குப் போகும், மீதியெல்லாம் மாட்டுக்கு. என் தம்பிக்கு ஐந்து வயதில் மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பான். கண்ணுக்கு வேண்டிய சத்து பச்சை இலையில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கிக் கொடுத்தால்தான் உடம்பில் ஒட்டும் என்று அன்றைக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொண்டேன். தெரியாமல் போனது வகுப்பு நடக்காததால் மட்டும் இல்லை. தெரிந்திருந்தாலும், பறிக்க எங்களுக்கு ஒரு மரம் இல்லை.

மரம் வந்தது ஒரு சட்டத்தால். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். கூலி கேட்டவர்களின் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். எங்கள் பக்கத்துக் குடிசைகளில் அதற்குப் பின் பல மாதம் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளிகள் குடியிருக்கும் மனை, அவர்களுக்கே சொந்தம் என்றது சட்டம். அடுத்த வருஷம் எங்கள் பெயருக்குப் பட்டா கிடைத்தது. மூன்று சென்ட்.

பட்டாக் காகிதத்தை அப்பா பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்பாயி அதைப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் போனாள். “ஆச்சி, ஒரு முருங்கப் போத்து குடுங்க” என்று கேட்டாள். ஆச்சி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார்கள். பிறகு, “நல்ல தடியா பாத்து வெட்டிக்க” என்றார்கள். கை மொத்தம், ஒரு ஆள் உயரம். வெட்டு வாயில் பசுஞ்சாணியை அப்பி, நாலடிக் கொல்லையின் மூலையில் ஊன்றினாள். பக்கத்தில் ஒரு குழி வெட்டி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டாள். அறுபது வயதுக்கு மேல் அவள் முதன்முதலாகத் தனக்கென்று நட்ட மரம். வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று எந்தப் பிரசாரம் கேட்டாலும் எனக்கு அந்தப் போத்துதான் ஞாபகம் வரும். காலுக்குக் கீழே மண் சொந்தமாக இருந்தால், பிரசாரம் இல்லாமலே ஜனங்கள் நடுவார்கள்.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மதிய உணவு அதற்கு முன்பும் உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலும், 1956-ல் காமராஜர் காலத்தில் மாநிலம் பூராவும். ஊருக்கு ஊர் சத்துணவு மையம், அதற்கு ஓர் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று வந்தது 1982-ல். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்த எனக்கு அதில் வேலை கிடைத்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் கிடங்கில் இருந்து வரும். காய்கறிக்கும் விறகுக்கும் தலைக்கு இத்தனை பைசா என்று பணம் வரும். அந்தப் பைசாவில் சந்தையில் என்ன காய் வாங்க முடியும் என்பதைத் தாய்மார்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது மாதமே எனக்குப் புரிந்துவிட்டது, காய் பள்ளிக்கூடத்திலேயே காய்க்கவேண்டும்.

எங்கள் மையத்தில் 112 பிள்ளைகள். சாப்பிட்டதும் ஒவ்வொன்றும் அடிபம்பில் தட்டுக் கழுவும், கை கழுவும், வாய் கொப்பளிக்கும். அந்தத் தண்ணீர் பம்படியில் தேங்கிக் கொசு வளர்த்துக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதில் பாதி அப்போதுதான் மண்டையில் ஏறியது. நானும் சமையலம்மாவும் மண்வெட்டி எடுத்து ஓர் ஓடை வெட்டினோம். முதலில் நாலு வாழை, பிறகு இரண்டு முருங்கை, பிறகு ஓடையின் இரு கரையிலும் தண்டங்கீரை, அரைக்கீரைப் பாத்தி. முருங்கைப் போத்து அப்பாயி மரத்தில் இருந்து. அடுப்புச் சாம்பலுக்குக் குறைவில்லை, விறகடுப்புதானே. வாரத்தில் மூன்று நாள் சாம்பாரில் எங்கள் கீரை விழுந்தது. சனிக்கிழமை ஆளுக்கு ஒரு கொத்து முருங்கைக்கீரை வீட்டுக்கும் கொடுத்துவிடுவேன்.

அந்தக் கொல்லை இருபத்தைந்து வருஷம் இருந்தது. பிறகு பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது, சுற்றுச்சுவர் வந்தது. கை கழுவ வரிசையாகக் குழாய் வைத்து, தரைக்கு சிமென்ட் போட்டு, தண்ணீரைக் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மூன்று மாதத்தில் வாழை வாடியது. கீரைப் பாத்திக்குக் குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரியால் எத்தனை குடம் சுமக்க முடியும்?

எங்கள் ஊரில் கொல்லைகள் எப்படிப் போயின என்பதும் இதே கதைதான். காஸ் அடுப்பு வந்தது. பெண்களின் கண்ணும் நெஞ்சும் பிழைத்தன, சாம்பல் நின்றது. டிராக்டர் வந்தது, மாடு போனது, எருக்குழி மூடியது. குளியலறையும் கக்கூஸும் வீட்டுக்குள் வந்தன. பெண்கள் இருட்டுக்காகக் காத்திருந்த அவஸ்தை தீர்ந்தது, கூடவே குளித்த தண்ணீரும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. கீற்றுக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. மழைக்குப் பயமில்லை, சுரைக்கொடிக்கு ஏறக் கூரையில்லை. பண்ணை வீட்டுக் கொல்லையைப் பாகம் பிரித்து, மனை போட்டு விற்றார்கள். வந்த ஒவ்வொன்றும் நன்மைதான்; எதையும் திருப்பிக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது கொல்லைக்குப் போன ஒரு வழியை அடைத்துவிட்டுத்தான் வந்தது. ஜனங்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, கடைக் காயில் மோகம் வந்துவிட்டது என்று பேசுகிறவர்கள், ஒரு தடவை அந்த வீட்டின் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

2013 வாக்கில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித்தோட்டத்துக்கென்று பைகள், தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் சர்க்கார் கொடுக்க ஆரம்பித்தது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது பலருக்கும் மாடி ஞாபகம் வந்தது. தஞ்சாவூரில் இருக்கும் என் மகளும் இருபது பை வாங்கி வைத்தாள். முதல் மாதம் தினமும் போட்டோ அனுப்பினாள். சித்திரை வெயிலில் பாதி கருகிவிட்டது. “தண்ணி ஊத்தி மாளலம்மா” என்றாள். போய்ப் பார்த்தேன். இருபது பைக்கும் நல்ல தண்ணீரைக் கீழே இருந்து வாளியில் தூக்கிக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறாள். அடுக்களையில் அரிசி களைந்ததும் காய் கழுவியதும் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு நான் செய்துகொடுத்தது ஒன்றே ஒன்று. தொட்டிக்குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். இருபது பையை ஆறாகக் குறைத்து, அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பால்கனியில் வைத்தேன். கறிவேப்பிலை, மணத்தக்காளி, இரண்டில் தண்டங்கீரை, ஒன்றில் பிரண்டை, ஒன்றில் அவரை. ஆறும் இன்றுவரை இருக்கின்றன.

அரிசியையும் பருப்பையும் மாடியில் விளைவிக்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய் முழுவதும்கூட வராது. அதற்குக் கடை இருக்கிறது, உழவர் சந்தை இருக்கிறது. கடையில் வாங்கினால் சீக்கிரம் வாடிப்போவது கீரைதான். குன்னூர்க்காரர்கள் சோற்றுக்குத் துணையாகச் சேர்க்கச் சொன்னதும் முக்கியமாக அதைத்தான். அதற்கு ஒரு குடும்பத்தின் கழனித் தண்ணீரே போதும்.

அப்பாயியின் முருங்கை 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயலில் சாய்ந்தது. நாற்பத்தாறு வருஷம் நின்ற மரம். ஊரில் தென்னைகள் எல்லாம் தலை முறிந்து கிடந்தன, முருங்கைக்கு யார் அழுவார்கள். மின்சாரம் வராத அந்த நாட்களில், விழுந்த மரத்தின் கீரையைத்தான் எங்கள் தெரு முழுக்க உருவிக்கொண்டு போய்ச் சமைத்தது. நாலாம் நாள் அதில் ஒரு நல்ல போத்தாக வெட்டி, பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் ஒரு கை சாணி வாங்கி அப்பி, அதே மூலையில் ஊன்றினேன். குளியலறைத் தண்ணீர்க் குழாயை உடைத்து அந்தப் பக்கம் திருப்பிவிட, கொத்தனாருக்கு எழுநூறு ரூபாய் ஆயிற்று. அடுத்த ஆடிக்குள் கூரை உயரம் வந்துவிட்டது.